கணக்கு வருகிறது, கரண்ட் புரியவில்லை

இரண்டாம்_ஆண்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் படிப்பை நானே ஆசைப்பட்டு எடுத்தேன், யாரும் பிடித்துத் தள்ளவில்லை. அதனால்தான் இப்போது மனசு இவ்வளவு கஷ்டப்படுகிறது.

சர்க்யூட் பேப்பரில் எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் போட்டுவிடுவேன். மெஷ் சமன்பாடு (சர்க்யூட்டின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒன்று) எழுதி, டிட்டர்மினன்ட் போட்டால் விடை வந்துவிடும். போன வாரம் லேபில் ஒரு மின்தடையையும் ஒரு மின்தேக்கியையும் (கெப்பாசிட்டர்) தொடரில் இணைத்து 10 வோல்ட் ஏசி கொடுத்தோம். மீட்டரில் பார்த்தால் மின்தடையின் குறுக்கே 6 வோல்ட், மின்தேக்கியின் குறுக்கே 8 வோல்ட். கூட்டினால் 14. கொடுத்ததோ 10. மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்று வேறு மீட்டர் வாங்கி வந்தேன். அதிலும் அதே 6, அதே 8. நேரமாகிவிட்டதால் ரீடிங்கை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டோம்.

மறுநாள் வகுப்பில் இதே மாதிரி ஒரு கணக்கு வந்தது. 6-இன் வர்க்கம், 8-இன் வர்க்கம், கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 10. ஒரே நிமிடத்தில் போட்டுவிட்டேன். நேற்று என் கையால் அளந்ததும் இதுவும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரவு படுத்த பிறகுதான் பொறி தட்டியது. அப்படியென்றால் இத்தனை நாள் நான் என்னதான் படித்தேன்?

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "கரண்டை எது தள்ளுகிறது?" என்று கேட்டார்கள். "வோல்டேஜ்" என்றேன். "வோல்டேஜ் என்றால் என்ன?" என்றார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நின்றேன்.

வேறு துறைக்கு மாறிவிடலாமா என்று யோசிக்கிறேன். இந்தப் படிப்பை முடித்தவர்கள் சொல்லுங்கள்.

சிலிக்கான்_மணல் எழுதியது:

மாறாதீர்கள். இரவு படுத்த பிறகாவது அந்தப் பொறி உங்களுக்குத் தட்டியிருக்கிறது. பலருக்கு டிகிரி வாங்கிய பிறகும் தட்டுவதில்லை.

நான் சிப் வடிவமைப்பில் இருக்கிறேன், 12 வருடம் ஆகிறது. உங்கள் 6-க்கும் 8-க்கும் வருகிறேன். ஏசி அளவில் மீட்டர் காட்டுவது அலையின் பருமனை மட்டும்தான். அந்த அலை எப்போது உச்சத்தைத் தொடுகிறது என்று அது சொல்லாது. மின்தடையின் குறுக்கே 6 வோல்ட் ஆர்எம்எஸ் (மீட்டர் காட்டும் ஒருவகைச் சராசரி) என்றால் உச்சம் 8.5 வோல்ட். மின்தேக்கிக்கு உச்சம் 11.3. ஆனால் இரண்டும் ஒரே நொடியில் உச்சத்துக்கு வருவதில்லை. ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்றது சரியாகப் பூஜ்யத்தைக் கடந்துகொண்டிருக்கும். ஏதாவது ஒரு கணத்தை நிறுத்திவைத்து இரண்டையும் கூட்டிப் பாருங்கள், அந்தக் கணத்தில் சோர்ஸில் இருக்கும் வோல்டேஜ் அப்படியே வரும். ஒரு சுற்றில் வோல்டேஜ்களைக் கூட்டினால் சோர்ஸுக்குச் சமமாக வர வேண்டும் என்ற கிர்ச்சாஃப் விதி எந்தக் கணத்திலும் உடையவில்லை. நீங்கள் கூட்டியது வெவ்வேறு நேரத்தில் உச்சம் தொடும் இரண்டு அலைகளின் பருமன்களை.

இதை ஒவ்வொரு கணமாகக் கூட்டிக்கொண்டிருந்தால் வாழ்நாள் போதாது என்பதால்தான் கலப்பெண்கள் வந்தன. 1893-இல் ஸ்டைன்மெட்ஸ் ஏசி கணக்குகளுக்குக் கலப்பெண்ணைப் பயன்படுத்தும் முறையை முன்வைத்தார். அதற்கு முன் இதே கணக்குகளை வகைக்கெழுச் சமன்பாடாக எழுதி மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஜே (−1-இன் வர்க்கமூலம்) என்று எழுதும்போதெல்லாம் "இது கால் சுற்று தள்ளி நடக்கிறது" என்று மனசுக்குள் படியுங்கள். அது கற்பனை எண் என்று பெயர் வைத்தவர்கள் நம் துறைக்குப் பெரிய தீங்கு செய்துவிட்டார்கள். அதில் கற்பனை எதுவும் இல்லை, நேரம்தான் இருக்கிறது.

என் யோசனை: கணிதத்தை மறுபடி உட்கார்ந்து படியுங்கள். கலப்பெண், வகைக்கெழுச் சமன்பாடு, லீனியர் ஆல்ஜீப்ரா. அது கெட்டியானால் மற்றது தானாக வரும்.

பழைய_ரிலே எழுதியது:

மேலே எழுதியவர் விளக்கியது அருமை. ஆனால் கடைசிப் பத்தியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தம்பிக்குக் கணக்கு ஏற்கனவே வருகிறது. வராதது கை. கணக்கு வருகிறவனிடம் இன்னும் கணக்குப் போடு என்றால் அவனுக்கு என்ன கிடைக்கும்?

மின்பாதுகாப்புத் துறையில் (கோளாறு வந்தால் ரிலே மூலம் லைனைத் துண்டிக்கும் வேலை) 30 வருடம் வேலை பார்த்தவன் நான். தம்பி, உனக்கு ஒரே ஒரு பழக்கம் சொல்கிறேன். சுவிட்ச் போடுவதற்கு முன்னால், மீட்டர் என்ன காட்டும் என்று பென்சிலால் எழுதி வை. அப்புறம் சுவிட்ச் போடு. எழுதியதும் காட்டியதும் ஒத்துப்போகவில்லை என்றால், ஏன் என்று தெரியாமல் அந்த மேசையை விட்டு நகராதே. நீ 14 என்று எழுதி வைத்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டிருப்பாய். எழுதாததால் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டாய்.

டிசி ஷன்ட் மோட்டார் லேப் செய்திருப்பாய், இல்லை இனிமேல் செய்வாய். "ஆர்மெச்சூர் ரியோஸ்டாட் மேக்ஸிமம், ஃபீல்டு ரியோஸ்டாட் மினிமம்" என்று எல்லாரும் மந்திரம் மாதிரி ஒப்பிப்பார்கள். ரியோஸ்டாட் என்றால் கூட்டிக் குறைக்கக்கூடிய மின்தடை, ஆர்மெச்சூர் சுழலும் சுருள், ஃபீல்டு காந்தப்புலம் தரும் சுருள். அந்த மந்திரத்தில் இரண்டு நிமிடம் நில். 220 வோல்ட் மோட்டார், ஆர்மெச்சூர் மின்தடை அரை ஓம் என்று வைத்துக்கொள். ஓடும்போது அது தன்னுள்ளே 210 வோல்ட் எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்குகிறது. மிச்சம் 10 வோல்ட், அரை ஓமால் வகுத்தால் 20 ஆம்பியர். சரியான அளவு. ஆனால் நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் எதிர் விசை ஏது? 220-ஐ அரையால் வகுத்தால் 440 ஆம்பியர். அதைத் தடுக்கத்தான் தொடரில் ரியோஸ்டாட்டை முழுசாக வைக்கிறோம். ஃபீல்டு பக்கம் நேர்மாறு: அங்கே மின்தடை அதிகமானால் காந்தப்புலம் மெலியும். மெலிந்த புலத்தில் அதே எதிர் விசை வர மோட்டார் வேகமாகச் சுற்றியாக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபீல்டு கம்பி கழன்றால் சுமை இல்லாத மோட்டார் தறிகெட்டு ஓடி உடைந்தே போகலாம்.

இது புரிந்தவன் மந்திரத்தை மறந்தாலும் கை தப்பாகப் போகாது.

புரியாமல் செய்தால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓடும் ஃபீடரில் (மின்சாரம் கொண்டுபோகும் லைனில்), பெரிய கரண்ட்டை அளப்பதற்காகச் சிறிதாக்கித் தரும் கரண்ட் டிரான்ஸ்பார்மரின் செகண்டரியில் இருந்த அம்மீட்டரைக் கழற்றப் போனேன். முனைகளை முதலில் ஷார்ட் செய்ய வேண்டும் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஸ்க்ரூடிரைவர் கையில் இருந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. என் சீனியர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அங்கே பிரைமரி கரண்ட்டை லைன் தீர்மானிக்கிறது, நாம் செகண்டரியைத் திறந்தாலும் அது குறையாது. எதிர்க்க ஆளில்லாமல் அந்தக் கரண்ட்டின் காந்த விசை முழுதும் இரும்புக் கோரைக் காந்தமாக்கப் போய்விடும். திறந்த முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் வரும். அந்தப் பிடி இல்லையென்றால் இன்றைக்கு இதை எழுத நான் இல்லை. அதனால்தான் கை, கை என்கிறேன்.

கரும்பலகை எழுதியது:

நான் இந்தப் பாடத்தைக் கல்லூரியில் நடத்துகிறேன். இருவர் சொன்னதும் பிடித்திருக்கிறது. மாணவருக்கு வைவாவில் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு கூலம் மின்னூட்டம் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போவதில் எத்தனை ஜூல் ஆற்றல் கைமாறுகிறது என்பதுதான் அந்த இரு புள்ளிகளுக்கு இடையிலான வோல்டேஜ். அதனால்தான் "இந்தப் புள்ளியின் வோல்டேஜ்" என்று மட்டும் சொல்வது அரைகுறைப் பேச்சு, எதைப் பொறுத்து என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சரி, தள்ளுவது எது? கம்பிக்குள் இருக்கும் மின்புலம். சோர்ஸை இணைத்ததும் கம்பியின் மேற்பரப்பில் நெடுகிலும் கொஞ்சம் மின்னூட்டம் சேர்ந்து அந்தப் புலத்தை உண்டாக்குகிறது. புலம் ஒளியின் வேகத்தை ஒட்டிப் பரவும். எலக்ட்ரான்களோ ஆமை வேகம். 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால், எலக்ட்ரான்களின் சராசரி நகர்வு நொடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான் வரும். ஒரு மீட்டர் நகர ஏறக்குறைய 4 மணி நேரம். ஆனாலும் சுவிட்ச் போட்டவுடன் விளக்கு எரிகிறது. ஏனென்றால் விளக்கின் இழையில் எலக்ட்ரான்கள் ஏற்கனவே நிறைந்திருக்கின்றன. புலம் வந்து சேர்ந்ததும் எல்லாம் ஒருசேர நகர ஆரம்பிக்கின்றன.

இன்னொன்று. கிர்ச்சாஃப் தன் விதிகளை 1845-இல் எழுதியபோது அவரும் மாணவர்தான், 21 வயது. ஆனால் அந்த விதிகளுக்கு ஓர் எல்லை உண்டு, அதைப் பெரும்பாலான வகுப்புகளில் சொல்லாமலே தாண்டிவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் தாண்டினேன், அதற்கு வருந்துகிறேன். சர்க்யூட்டின் அளவு அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருக்கும்வரைதான் நாம் எழுதும் மெஷ் சமன்பாடு செல்லும். 50 ஹெர்ட்ஸில் அலைநீளம் 6,000 கிலோமீட்டர். லேப் மேசையில் எந்தக் கவலையும் இல்லை. 3 கிகாஹெர்ட்ஸில் அது 10 சென்டிமீட்டர். அங்கே ஒரே கம்பியின் இரண்டு முனைகளில் ஒரே நேரத்தில் வெவ்வேறு வோல்டேஜ் இருக்கும். ஃபீல்டு தியரி பேப்பரும் டிரான்ஸ்மிஷன் லைன் பாடமும் எதற்கு என்று மாணவர்கள் கேட்கிறார்கள். சர்க்யூட் தியரி கைவிடும் இடத்தில் பிடித்துக்கொள்ளத்தான்.

ஃபேஸர்_தோழி எழுதியது:

நான் கடைசி வருடம். எனக்கும் இரண்டாம் வருடம் இப்படித்தான் இருந்தது, அதனால் படித்தவுடன் பதில் எழுதத் தோன்றியது.

எனக்குக் கை கொடுத்தது சிமுலேஷன். எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருள் இலவசம். அந்த ஸ்பைஸ் குடும்பம் 1973-இல் பெர்க்லியில் தொடங்கியது, இன்றைக்கும் அதன் வழிவந்தவைதான் எல்லா இடத்திலும். மின்தேக்கியின் மதிப்பை மாற்றினால் அலை எப்படி நகர்கிறது என்று இரவு 11 மணிக்கும் பார்க்கலாம். லேப் திறக்கக் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் அதில் நான் பட்ட அடியையும் சொல்ல வேண்டும். மினி புராஜெக்ட்டில் 741 ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) வைத்து 100 மடங்கு பெருக்கி ஒன்று செய்தேன். சிமுலேஷனில் ஐடியல் ஆப்-ஆம்ப் போட்டிருந்தேன், 100 மடங்கு கச்சிதமாக வந்தது. பிரெட்போர்டில் கட்டி 100 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் கொடுத்தால் 10 மடங்குகூட முழுசாக வரவில்லை. இரண்டு நாள் கம்பி கம்பியாகப் பிடுங்கி மாட்டினேன், மூன்று ஐசி மாற்றினேன். டேட்டாஷீட்டைத் திறந்திருந்தால் 5 நிமிடத்தில் முடிந்திருக்கும்: 741-இன் கெயினையும் (பெருக்கும் மடங்கு) பேண்ட்வித்தையும் (அந்த மடங்கு கிடைக்கும் அதிர்வெண் எல்லை) பெருக்கினால் ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ். 100 கிலோஹெர்ட்ஸில் 10 மடங்குக்குமேல் அதனிடம் கேட்கவே முடியாது. பாடத்தில் அந்த வரி இருந்தது. பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வியாக எழுதியும் இருக்கிறேன்.

கடைசி_பெஞ்ச் எழுதியது:

எல்லாரும் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் ஒரு செமஸ்டரில் ஆறு பேப்பர், வாரம் இரண்டு லேப், இரண்டு ரெக்கார்டு நோட்டு. எனக்கு இரண்டு பேப்பர் அரியர் இருக்கிறது. எலக்ட்ரான் எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று யோசித்தால் மூன்றாவதும் விழும். புரிந்து படிக்க எனக்கும் ஆசைதான். நேரத்துக்கு எங்கே போவது? இதற்கு நேர்மையாக யாராவது பதில் சொல்லுங்கள்.

கரும்பலகை எழுதியது:

நியாயமான கேள்வி. எல்லாப் பேப்பரையும் ஆழமாகப் படிக்க யாராலும் முடியாது, நாங்களும் படிக்கவில்லை. ஆனால் இந்தப் படிப்பில் உண்மையில் புதிதாக வரும் எண்ணங்கள் குறைவு. ஒன்றே வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறது. தூண்டல் சுருள், மின்தேக்கி, மின்தடை மூன்றையும் தொடரில் போட்டால் ஓர் இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு வரும் அல்லவா? மூன்றாம் வருடம் கன்ட்ரோல் பேப்பரில் தணிப்பு விகிதம் என்று அதையேதான் படிப்பீர்கள். பவர் சிஸ்டம்ஸில், கோளாறுக்குப் பிறகு ஜெனரேட்டரின் ரோட்டார் கோணம் ஊசலாடி அடங்குகிறதா என்று பார்ப்பதும் அதே குடும்பம்தான். எனவே சர்க்யூட், சிக்னல்ஸ் இரண்டை மட்டும் விடாப்பிடியாகப் படியுங்கள். மற்ற பேப்பர்களுக்குச் செலவாகும் நேரம் பாதியாகக் குறையும். என் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது.

பரீட்சைக்கு இரண்டு: தீர்த்த கணக்கைப் படிப்பதைப் படிப்பு என்று எண்ணாதீர்கள். மூடி வைத்துவிட்டு மறுநாள் வெள்ளைத்தாளில் போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் அலகைச் சரிபாருங்கள். ஓமும் ஹென்றியும் நேரடியாகக் கூட்டப்பட்டிருந்தால் அந்த வரியிலேயே தப்பு பிடிபட்டுவிடும்.

இரண்டாம்_ஆண்டு எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. ரொம்ப நன்றி. ஒரு கேள்வி மட்டும். வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கப் பயன்படுத்தும் லாப்லாஸ் மாற்றத்தில் அந்த எஸ் என்பது என்ன? அதை வைத்துப் பத்துப் பக்கம் கணக்குப் போடுகிறேன், யாரும் அது என்ன என்று சொன்னதில்லை.

சிலிக்கான்_மணல் எழுதியது:

வகைக்கெழு எடுத்தாலும் தன் உருவம் மாறாத சார்பு ஒன்று இருந்தால் நமக்கு எவ்வளவு வசதி! அப்படி ஒன்று இருக்கிறது: ஈ என்ற கணித மாறிலியின் அடுக்கில் எஸ் பெருக்கல் நேரம். அதன் வகைக்கெழு, எஸ் மடங்கு அதுவேதான். ஆகவே சிக்னலை இப்படிப்பட்ட துண்டுகளாகப் பிரித்துவிட்டால், வகைக்கெழு எடுக்கும் வேலை எஸ்-ஆல் பெருக்கும் வேலையாகிவிடும். வகைக்கெழுச் சமன்பாடு சாதாரண அல்ஜீப்ராவாக இறங்கிவிடும். எஸ்-இன் மெய்ப்பகுதி அந்தத் துண்டு எவ்வளவு வேகமாக அடங்குகிறது அல்லது வளர்கிறது என்று சொல்லும். மற்ற பகுதி எவ்வளவு வேகமாக ஊசலாடுகிறது என்று சொல்லும். 'போல்'கள் (சிஸ்டம் தானாக ஆடும் எஸ் மதிப்புகள்) எல்லாம் இடப்பக்கம் இருந்தால் சிஸ்டம் நிலையானது என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். இடப்பக்கம் என்றால் மெய்ப்பகுதி எதிர்மம், அதாவது அடங்கிப்போகிறது. வேறொன்றும் இல்லை.

பழைய ரிலே ஐயா, கணக்கு முதலா கை முதலா என்பதில் என் பேச்சைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பென்சிலால் முன்கூட்டி எழுதுவது என்றீர்களே, எங்கள் வேலையிலும் அதுதான் நடக்கிறது. சிப் வார்த்து வந்த பிறகு திருத்த முடியாது, அதனால் எழுதிவைக்காத எண்ணை யாரும் நம்புவதில்லை.

இரண்டாம்_ஆண்டு எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். லேப் அண்ணனிடம் கேட்டு, வகுப்பு முடிந்த பிறகு ஒரு மணி நேரம் அதே சர்க்யூட்டைத் திரும்பச் செய்தேன். 300 ஓம் மின்தடை, 8 மைக்ரோஃபாரட் மோட்டார் ரன் கெப்பாசிட்டர், 10 வோல்ட் டிரான்ஸ்பார்மர். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரை எடுக்கப் போனபோது, போலாரிட்டி (பிளஸ், மைனஸ்) உள்ளதை ஏசியில் போடக் கூடாது என்று அண்ணன் தடுத்தார்.

முதலில் பென்சிலால் 6, 8 என்று எழுதினேன். வந்தது. அப்புறம் இன்னொரு 8 மைக்ரோஃபாரட்டை இணையாகப் போட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டேன். கெப்பாசிட்டிவ் ரியாக்டன்ஸ் (ஏசிக்கு மின்தேக்கி காட்டும் எதிர்ப்பு) 400 ஓமிலிருந்து 200-க்கு இறங்கும், எனவே 8.3-உம் 5.5-உம் என்று எழுதினேன். மீட்டர் 8.4, 5.7 என்றது. முன்பு என்றால் "கிட்டத்தட்ட சரி" என்று போயிருப்பேன். இந்த முறை நகரவில்லை. டிரான்ஸ்பார்மரின் செகண்டரியை அளந்தேன். 10 இல்லை, 10.2. அதை வைத்துத் திரும்பப் போட்டால் 8.5, 5.7.

அப்புறம் ஆசிலாஸ்கோப். இரண்டு புரோபின் கிரவுண்ட் கிளிப்பும் உள்ளே ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்றை மின்தடை முனையிலும் இன்னொன்றை மின்தேக்கி முனையிலும் மாட்டப் போனேன், மாட்டியிருந்தால் நடுவில் இருப்பது ஷார்ட் ஆகியிருக்கும். டிரான்ஸ்பார்மர் செகண்டரி எர்த்தோடு சேராமல் தனியாக இருந்ததால், இரண்டு கிளிப்பையும் நடுப் புள்ளியில் மாட்டி, இரண்டாவது சேனலைத் தலைகீழாக்கச் சொன்னார் அண்ணன். திரையில் இரண்டு அலை. ஒன்று உச்சியில், மற்றது பூஜ்யத்தில். இடைவெளி 5 மில்லிசெகண்ட். சுழற்சி 20, அதில் கால் பங்கு. அங்கேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கழற்றும்போது மின்தடை விரலில் சுட்டது. கால் வாட் மின்தடை. 8.4-இன் வர்க்கத்தை 300-ஆல் வகுத்தால் 0.24 வாட். அதனால்தான் சுட்டிருக்கிறது. இரண்டு கெப்பாசிட்டரையும் தொட்டேன், சில்லென்று இருந்தன. அந்த இரண்டிலுமாகச் சேர்ந்து அதே கரண்ட்தானே ஓடியது! ரியாக்டிவ் பவர் (வெப்பமாகாமல் போய்த் திரும்புவது) என்று படித்தது அப்போது விரல் நுனியில் இருந்தது.

துறை மாறும் விண்ணப்பத்தை எடுத்து வைத்திருந்தேன், அதைக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் மின்தேக்கியை எடுத்துவிட்டுத் தூண்டல் சுருளைப் போடலாம் என்று இருக்கிறேன். அதிலும் வர்க்கம் கூட்டினால் சரியாக வருமா ஐயா?

பழைய_ரிலே எழுதியது:

வராது தம்பி. சுருள் என்பது நீளமான கம்பி, அதற்குள்ளேயே மின்தடை ஒளிந்திருக்கிறது. முதலில் ஓம் மீட்டரில் அதை அளந்துகொள். அதைச் சேர்த்து முக்கோணத்தை வரைந்து, மூன்று வோல்டேஜும் என்ன வரும் என்று இங்கேயே எழுதிவிட்டு அப்புறம் சுவிட்ச் போடு. இரும்புக் கோர் உள்ள சுருளாக இருந்தால் அப்போதும் கொஞ்சம் இடிக்கும். எவ்வளவு இடிக்கிறது என்று பார்த்துவிட்டு வா, கோர் நஷ்டம் பற்றி அன்றைக்குப் பேசலாம்.